டேப் ஓடிய கச்சேரியை டேப்பில் பிடித்தவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்து எலக்ட்ரானிக் பாப் குழுவின் ரோஸ் பௌல் கச்சேரியைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்தக் குழுவின் பெயரைப் பார்ப்பதே அபூர்வம், அதனால் சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மேடையில் பாதி இசை டேப்பிலிருந்துதான் ஓடியது, அப்படிப்பட்ட கச்சேரியைப் போய் 'திருட்டு டேப்' போட்டுச் சேர்த்து வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது என்கிற மாதிரி எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆட்களில் நானும் ஒருவன். என் அலமாரியில் அந்த ஒரு இரவுக்கு மட்டும் நான்கு வெவ்வேறு பதிவுகள் இருக்கின்றன. வீட்டில் இதைப் பற்றிக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும், அது இருக்கட்டும்.

கட்டுரை அவசரமாகத் தாண்டிப்போன சில விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் பாசடீனா. 1922ல் கட்டிய ரோஸ் பௌல், பெயருக்கேற்ற மாதிரி கிண்ணம்போல் குழிந்த, கூரையில்லாத மைதானம். 1984 ஒலிம்பிக்கின் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த இடம். அங்கே இங்கிலாந்தின் பேசில்டனில் தொடங்கிய ஒரு குழு, நான்கே பேர், டிரம் செட் கிடையாது, கிடார்கூட ஏதோ சில பாட்டுக்குத்தான் வெளியே வரும், மற்றபடி மேடை முழுக்க கீபோர்டுகள். அமெரிக்காவில் அதுவரை அவர்களுடைய ஒரே ஒரு பாட்டுதான் விற்பனைப் பட்டியலில் முதல் 40க்குள் போயிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் மட்டும் கே-ராக் என்ற வானொலி நிலையம் அவர்களை ஓயாமல் ஒலிபரப்பி ஒரு பெரிய கூட்டத்தை உருவாக்கி வைத்திருந்தது, அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் 60,453 பேர். இவர்களுக்கு முன்னால் வயர், ஓ.எம்.டி. என்ற இரண்டு குழுக்களும் தாமஸ் டால்பி என்ற பாடகரும் வாசித்தார்கள். 1987 அக்டோபரில் தொடங்கிய பயணத்தின் 101வது கச்சேரி அது, கடைசியும் அதுதான். அதனால்தான் அடுத்த வருஷம் வந்த ஆல்பத்துக்கும் ஆவணப்படத்துக்கும் '101' என்றே பெயர் வைத்தார்கள். டி.ஏ. பென்னிபேக்கர், கிறிஸ் ஹெகடஸ், டேவிட் டாக்கின்ஸ் மூவரும் எடுத்த அந்தப் படத்தில் கச்சேரி முடிந்ததும் வசூல் கணக்குச் சொல்லும் காட்சி ஒன்று வரும், 13 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கூட. எலக்ட்ரானிக் இசை என்றால் இருட்டு கிளப்புக்குள் நடக்கிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தொகையைக் கேட்டு வாயடைத்திருப்பார்கள்.

சரி, டேப் விஷயத்துக்கு வருவோம். ஆமாம், டேப் ஓடியது. அவர்கள் அதை மறைத்ததே இல்லை. தாளம், பேஸ் போன்றவற்றில் பெரும்பகுதி முன்கூட்டியே பதிவு செய்து பின்னால் ஓடும். அதன்மேல் மார்ட்டின் கோர், ஆலன் வைல்டர், ஆண்டி ஃப்ளெட்சர் மூன்று பேரும் கீபோர்டு வாசிப்பார்கள், டேவ் கஹன் பாடுவார். அதே படத்தில் ஆலன் வைல்டர் கீபோர்டு முன்னால் நின்று எந்தக் கட்டையில் எந்த ஒலியை வைத்திருக்கிறோம் என்று காட்டுகிற இடம் உண்டு: நான்கைந்து கட்டைகளில் ஒரு ஒலி, பக்கத்திலேயே வேறொன்று, அடுத்த பாட்டுக்கு எல்லாமே மாறிவிடும். எந்தக் கட்டையில் என்ன இருக்கிறது என்று பாட்டுக்குப் பாட்டு நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தப்பில்லாமல் வாசிப்பது 'பட்டன் அழுத்துவது' என்றால், பியானோ வாசிப்பதும் பட்டன் அழுத்துவதுதான். இதில் ஆண்டி ஃப்ளெட்சரை மட்டும் என்னால் அவ்வளவு உறுதியாகக் காப்பாற்ற முடியாது. மார்ட்டின் பாட்டெழுதுகிறவர், ஆலன் நல்ல இசைஞர், டேவ் பாடகர், நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவரே அந்தப் படத்தில் சொல்லிவிட்டார். 2022ல் போய்ச் சேர்ந்தார் மனிதர். அவர் போனபிறகு அந்தக் காட்சியைப் பார்த்தால் பழைய மாதிரி சிரிக்க முடியவில்லை.

கட்டுரையாளர் கேட்பது இதுதான்: ஒவ்வொரு இரவும் ஒரே டேப் ஓடுகிறது, அப்புறம் எதற்கு ஒவ்வொரு இரவையும் பதிவு செய்ய வேண்டும்? கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது, நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பல வருஷம் கேட்டபிறகு எனக்குப் பட்டது நேர் எதிரானது. கிடாரும் டிரம்மும் வைத்துப் பாடுகிற குழுவில் எல்லாமே இரவுக்கு இரவு மாறும். வேகம் மாறும், சுருதி கொஞ்சம் நகரும், தனி ஆவர்த்தனம் நீளும், எதனால் எது மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே பின்னால் ஓடுவது அச்சு அசலாக ஒன்றேதான். அப்படியானால் இரண்டு இரவுகளுக்கு நடுவில் என்ன வித்தியாசம் கேட்கிறதோ அதெல்லாம் மனிதர்கள் செய்தது: பாடுகிறவரின் தொண்டை, கூட்டத்தின் மூச்சு, அந்த இடத்தின் காற்று.

இதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். அதே பயணத்தில் 1988 மார்ச் 7 அன்று அவர்கள் கிழக்கு பெர்லினில் பாடினார்கள். சுவர் விழ இன்னும் 20 மாதம் இருந்தது. அரசு இளைஞர் அமைப்பு ஏற்பாடு செய்த கச்சேரி, வெர்னர் செலன்பிண்டர் ஹாலே என்ற உள்ளரங்கம். அந்த இரவின் ரசிகர் பதிவு ஒன்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, பாசடீனாவில் பாடிய அதே பாட்டையும் எடுத்து, கணினியில் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து முதல் அடியை மட்டும் பொருத்தினேன். கடைசிவரை விலகவில்லை. நடுவில் மூன்று மாதம், ஒரு சமுத்திரம், பெர்லின் சுவர் எல்லாம் இருக்கிறது, டிரம் அடி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காருகிறது. அதன்மேல் பெர்லின் கூட்டம் ஒரு மாதிரி கத்துகிறது, பாசடீனா கூட்டம் வேறு மாதிரி. பெர்லினில் பல்லவி வரும்போது கூட்டம் பாடகரை முந்திக்கொண்டு ஓடுகிறது, அவர் ஒரு வரியை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்கிறார். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று வைத்துக் கேட்ட அந்த அரை மணி நேரத்தை எனக்கு வேறு எந்தக் கடையும் விற்றிருக்க முடியாது. பெர்லின் இரவுக்கு ஆல்பம் போட்டு யாரும் விற்கவில்லை. அரங்கத்துக்குள் ஏதோ ஒரு சின்னக் கருவியோடு உட்கார்ந்திருந்த ஒருவரால்தான் அது என் காது வரைக்கும் வந்தது.

ஆனால் பொருத்துவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இது சிந்த்-பாப், அதாவது எலக்ட்ரானிக் கீபோர்டு பாப் பதிவுகளுக்கே உரிய வசதி. கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்தவரின் கருவியில் பேட்டரி இறங்கியிருந்தால் டேப் மெதுவாக ஓடியிருக்கும், அதைச் சரியான வேகத்தில் ஓடும் கருவியில் போட்டால் எல்லாம் வேகமாக, சுருதி ஏறிக் கேட்கும். வேறு குழுவின் பதிவாக இருந்தால் அன்றைக்கு அவர்கள் எந்தச் சுருதியில் வாசித்தார்கள் என்று யாருக்குத் தெரியும், காதை நம்பித்தான் திருத்த வேண்டும். பதிவு செய்த ஒலியைக் கட்டையில் வைத்து வாசிக்கிற சாம்ப்ளர் கருவிக்கு வெயில், குளிர், மனநிலை எதுவும் கிடையாது, கம்பி தளர்வதில்லை. கீபோர்டு என்ன சுருதி என்று தெரிந்தால் டேப்பின் வேகத்தைக் கிட்டத்தட்ட மயிரிழைக்குத் திருத்திவிடலாம். இயந்திரம் ஓடுகிறது என்று எதைக் கேலி செய்கிறார்களோ அதையே அளவுகோலாக வைத்துத்தான் பழைய கேசட்டுகளைச் சரிசெய்கிறோம்.

அடுத்து அந்தத் 'திருட்டு' என்ற சொல். நம் மொழியில் திருட்டு விசிடி என்று ஒன்று புழக்கத்துக்கு வந்தபிறகு அனுமதியில்லாத எதற்கும் அந்த முன்னொட்டு ஒட்டிக்கொள்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் கடையில் இருக்கும் ஆல்பத்தை அப்படியே நகலெடுத்து விற்பது ஒன்று, அட்டை முதல் முத்திரை வரை போலி செய்து அசல் என்று ஏமாற்றுவது இன்னொன்று, நடக்கிற கச்சேரியை ரசிகர் ஒருவர் தன் கருவியில் பதிவு செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குத்தான் பூட்லெக் என்று பெயர். பூட்ஸுக்குள் காலோடு ஒட்டிச் சாராயப் புட்டியைச் செருகிக் கடத்திய காலத்துச் சொல் அது. அதனால் அந்தப் பெயரே ஒன்றும் யோக்கியமான பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மூன்றாவதன் பெயரில் நடமாடுகிறவர்களிலும் இரண்டு ஜாதி உண்டு, காசுக்கு விற்கிறவர்கள், காசில்லாமல் மாற்றிக்கொள்கிறவர்கள், அங்கேதான் எனக்கு ஒரு கசப்பான கதை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கடையில் அந்தப் பாசடீனா இரவு என்று போட்ட வெள்ளி சிடி ஒன்றைப் பார்த்தேன், தொழிற்சாலையில் அச்சடித்த சிடியைத்தான் நாங்கள் வெள்ளி என்போம். அட்டையில் மைதானத்தின் படம், தேதி, பாட்டுப் பட்டியல் எல்லாம் கச்சிதம். சாதாரண ஆல்பத்தைப்போல் இரண்டு மடங்கு விலை. வீட்டுக்கு வந்து போட்டால் தெரிந்த குரல், தெரிந்த கைதட்டல், எல்லாமே ரொம்பத் தெரிந்ததாக இருக்கிறது. மூன்றாவது பாட்டில் புரிந்துவிட்டது: கடையில் கிடைக்கும் '101' ஆல்பத்தையே எடுத்து, பாட்டு வரிசையைக் கலைத்து, நடுநடுவே வேறெங்கோ இருந்து ஆரவாரத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒரே விசில் சத்தம் நான்கு பாட்டுக்குப் பிறகும் அச்சாக ஒரே இடத்தில் வருகிறது! அதைத் திருட்டு என்று நீங்கள் எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. குழுவையும் ஏமாற்றி, ரசிகனையும் ஏமாற்றி, நடுவில் எவனோ காசு பார்த்தான்.

இந்த வெள்ளி சிடி வியாபாரம் எப்படி அத்தனை தைரியமாக நடந்தது என்பதும் சுவாரஸ்யமான விஷயம். சட்டத்தில் ஓட்டை இருந்தது. பிரிட்டிஷ் பாடகர் பில் காலின்ஸ் 1983ல் கலிஃபோர்னியாவில் செய்த கச்சேரியை அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்து ஜெர்மனியில் சிடியாக விற்றார்கள். அவர் வழக்குப் போட்டபோது, ஜெர்மன் சட்டப்படி ஜெர்மன் கலைஞருக்குத்தான் உலகில் எங்கே பாடினாலும் பாதுகாப்பு, வெளிநாட்டுக்காரர் ஜெர்மனிக்கு வெளியே பாடினால் அது கிடையாது என்று நிலைமை இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1993 அக்டோபரில், ஐரோப்பியச் சமூக நாடுகளின் குடிமக்களுக்குள் அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லி அந்தக் கதவை மூடியது. அமெரிக்காவிலும் கலைஞர் சம்மதமில்லாமல் கச்சேரியைப் பதிவு செய்து விற்பதற்கு எதிரான மத்தியச் சட்டம் 1994 டிசம்பரில்தான் வந்தது. அதன்பிறகு கடைகளில் வெள்ளி சிடிகள் குறைந்தன. எனக்கு வருத்தமே இல்லை.

நான் சொல்லும் ஆட்கள் வேறு. காசு வாங்குவதே அங்கே கெட்ட வார்த்தை. என்னிடம் முதல் நல்ல பாசடீனா பதிவு 1997ல் வந்தது, முகம் தெரியாத ஒருவர் தபாலில் அனுப்பினார். இரண்டு வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால் போதும், அதுதான் நடைமுறை. கேசட்டோடு ஒரு துண்டுச் சீட்டு: எந்தக் கருவியில் பதிவு, எந்தப் பக்கத்து இருக்கை, இது மாஸ்டரிலிருந்து, அதாவது முதல் கேசட்டிலிருந்து எத்தனையாவது பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடும், சிம்பல் மாதிரியான கூர்மையான ஒலிகள் மங்கும், ஆகவே மூன்றாம் பிரதியை இரண்டாம் பிரதி என்று சொல்லிக் கொடுத்தவரோடு அதற்குமேல் யாரும் பரிமாற்றம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆல்பமாக வெளிவந்த பதிவையே பரிமாறுவதும் கூடாது, அதைக் கடையில் வாங்கிக்கொள் என்பார்கள். இப்படிச் சேர்ப்பவர்களிடம்தான் அந்தக் குழுவின் அசல் ஆல்பங்கள் எல்லாப் பதிப்பிலும் இருக்கும், என் வீட்டு அலமாரியே சாட்சி.

இதனால் குழுவுக்கு உரிமை இல்லை என்று நான் வாதாடவில்லை. பாடகர் தொண்டை சரியில்லாத ஒரு இரவை உலகம் கேட்க வேண்டாம் என்று நினைத்தால் அது அவர் உரிமை, அதற்கு நான் சொல்லும் பதில் எதுவும் முழுசாகப் பொருந்துவதில்லை. கச்சேரி டிக்கெட்டில் பதிவு செய்யக் கூடாது என்று போட்டிருந்தும் செய்தார்கள், அதை வேறு பெயரில் அழைக்க முடியாது. ஆனால் குழுக்களே இந்தப் பசியைப் புரிந்துகொண்டு வழி செய்ததையும் சொல்ல வேண்டும். கிரேட்ஃபுல் டெட் 1984லேயே பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. பேர்ல் ஜாம் 2000ல் செய்த பயணத்தின் கச்சேரிகளை 72 இரட்டை ஆல்பங்களாகத் தானே வெளியிட்டது. டெபெஷ் மோடும் 2006 பயணத்தில் இரவுக்கு இரவு பதிவு செய்து ரசிகர்களுக்கு நேரடியாக விற்றார்கள், 2009 பயணத்திலும் அதே மாதிரி. டேப் ஓடுகிற கச்சேரியில் ஒவ்வொரு இரவுக்கும் தனி மதிப்பு இல்லையென்றால் அவர்களே எதற்கு அத்தனை இரவுகளையும் விற்றார்கள் என்று உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவற்றையும் வாங்கினேன். ஒலி படு சுத்தம். ஏதோ ஒன்று குறைகிறது.

என்ன குறைகிறது என்று சொல்வதற்கு ரோஸ் பௌலின் கடைசிப் பாட்டுதான் சரியான உதாரணம். பாட்டு முடிந்து வாத்தியங்கள் நின்றபிறகும் அறுபதாயிரம் பேர் பல்லவியை விடாமல் பாடிக்கொண்டிருப்பார்கள், கஹன் மேடையிலிருந்து கையை வீசிக்கொண்டிருப்பார். ஆல்பத்தில் அது அருமையாக இருக்கும், ஒரே பெரிய குரல் மாதிரி. ஸ்டுடியோவில் கூட்டத்துக்கான மைக்குகளைக் கலந்து அப்படிச் செய்திருக்கிறார்கள், அவர்கள் வேலை அது. என் கேசட்டில் அந்த இடம் அப்படி இல்லை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மேடையில் அடித்த அடி கால் விநாடிக்கும் மேல் தாமதமாகப் போய்ச் சேரும், அவர் அதைக் கேட்டுப் பாடிய குரல் திரும்பி இந்தப் பக்கம் வர இன்னும் அவ்வளவு நேரம். ஆகவே கேசட்டில் பல்லவி ஒரே நேரத்தில் வருவதே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் வரியை முடித்துவிடுகிறார்கள், எதிர்ப்பக்கக் கூட்டம் அப்போதுதான் கடைசிச் சொல்லுக்கு வருகிறது, அந்தக் கிண்ணம் முழுக்கப் பாட்டு சுற்றி வருகிற மாதிரி கேட்கும். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் சுருதியே இல்லாமல் உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள். யாரோ அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தவரும் சேர்ந்து பாடுகிறார், அவருக்கும் சுருதி கிடையாது. நடுவில் கேசட் முடிந்து மாற்றிப் போட்ட இடத்தில் சில விநாடி ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் பதிவு செய்தவர் இருட்டில் கேசட்டைத் தடவித் தடவி மாற்றுவதை நான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன், பாட்டைத் தவறவிட்டது அவர்தான், நமக்காக.

பழைய படத்தைத் துலக்கி 2021ல் மறுபடி வெளியிட்டார்கள், அதையும் பார்த்தேன். கஹனைப் பார்த்துக் கூட்டம் மொத்தமும் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிற அந்தக் காட்சி, காற்றில் கதிர் சாய்கிற மாதிரி, முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. பார்த்து முடித்ததும் கேசட்டைத்தான் எடுத்துப் போட்டேன்.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம் போட முடியுமா என்று கேட்டு இதை எழுதுகிறேன்: கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'திருட்டு டேப்' என்பதை 'ரசிகர் பதிவு' என்று மாற்றிப் படிக்கவும். டேப் ஓடியது என்ற வரியை அப்படியே விட்டுவிடலாம், அது உண்மைதான்.

கட்டுரையாளருக்கு என்னிடமிருக்கும் நான்கில் மிக நல்ல பிரதியை அனுப்பத் தயார். வேகம் திருத்தியது, இரைச்சலில் கை வைக்காதது. காசு வேண்டாம், தபால் செலவும் நானே பார்த்துக்கொள்கிறேன். கேட்கும்போது மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எம்பி3 ஆக்கி யாருக்கும் கொடுக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்